பாராசூட் பட்டையை நிறுத்தியவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் வரும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், என் பையின் வாரைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார். திருடனோ என்று பையை அணைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது பாதி தின்ற முறுக்குப் பொட்டலம்.

"பயப்படாதபா. வாரைப் பாத்தா கை தானா போவுது."

நரைத்த தலை, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. ராணுவப் பாராசூட்டுக்கு நைலான் பட்டை நெய்யும் சிறிய ஆலையில் தரம் பார்ப்பவராம். வெளிநாட்டுப் பட்டையை விட்டு உள்நாட்டிலேயே வாங்க அரசு முடிவு செய்ததால் கிடைத்த முதல் ஆர்டர் அது. அன்று ஒரு சுருளில் ஓர் இழை விட்டுப்போயிருந்ததால் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிட்டார்.

"மொதலாளி நாளைலேர்ந்து வராதன்னுட்டாரு."

நாட்டின் தற்சார்பைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அந்தத் தகுதியில் யோசனை சொன்னேன்: "ஒரு இழைதானே சார்? கண்ண மூடிக்கினு அனுப்பியிருக்கலாமே."

"பொடவைல இழை வுட்டா கொசுவத்துல மறைஞ்சிடும். இதுல ஆளு தொங்குவான்பா. நீ குதிப்பியா?"

பேருந்து நின்ற பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவன் நான்.

காஞ்சிபுரத்தில் இறங்கியதும் கேட்டேன்: "நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"போவேன். உள்ள வுடலன்னா கேட்டாண்ட நிப்பேன். அந்தச் சரக்கு வெளிய போவுதான்னு பாக்கணும்ல?"

போனதா என்று எனக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் வீரர்கள் விமானத்திலிருந்து குதித்தால் வீட்டில் எல்லாரும் கை தட்டுகிறார்கள். நான் மட்டும் எழுந்து கிட்டே போய், பட்டையைப் பார்க்கிறேன்.