கயிறு கட்டிய ஆகாயம்

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் ஷியாமளா காப்பி டம்ளரை பால்கனிச் சுவரில் வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பிக்கிறார். "டப்பாக்குள்ள போட்டு மூடி எடுத்துண்டு போறான். மூஞ்சில காத்துப் பட வேண்டாமோ? இதுக்குப் பேரு பறக்கறதாம்!" கொல்கத்தா லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடியிலிருந்து அவர் விடும் சாபம் எந்த விமானத்தையும் இதுவரை தொட்டதில்லை. அதற்காக அவர் நிறுத்துவதுமில்லை.

வயது அறுபத்து மூன்று. துறைமுக அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் வேண்டாம் என்று தானே தீர்மானித்தவர். மினி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். கிடைத்தால் தலையை வெளியே நீட்டுவார். கண்டக்டர் கத்தினால், "நீட்டியிருக்கறது உன் தலையா?" என்பார். குடியிருப்புக் கமிட்டி மொட்டைமாடியைப் பூட்டியபோது, செயலாளர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாவி வாங்கினார். மாடியில் வடாம் காயவைக்கவா? இல்லை. அண்ணாந்து பார்க்க.

அவருக்கு இருப்பது ஒரே ஆசை. வெப்பக்காற்று பலூனில் ஒருமுறை மிதக்க வேண்டும். இஞ்சின் கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு பிரம்புக்கூடை, சுற்றிலும் காற்று. "காத்து எங்க போறதோ அங்க நானும். எங்க எறங்கணும்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்."

ஆகவே போன டிசம்பரில் நியூ டவுன் மைதானத்தில் பலூன் விழா, 'ஆகாயத்தில் மிதக்க வாருங்கள்' என்று விளம்பரம் வந்ததும், குரங்குக் குல்லாய், மஃப்ளர், சால்வை எல்லாம் மாட்டிக்கொண்டு போய் நின்றார். மேலே குளிருமாம். தலைக்கு மேலேயே அடுப்பு எரியும் என்பது கொல்கத்தாவில் குளிர்காலம் கழித்த எவருக்கும் தோன்றாது.

வாசலில் டை கட்டிய மேலாளர் தேபாஷிஷ் கையைக் குறுக்கே நீட்டினார். "மாஷிமா, அறுபதுக்கு மேலயா? வீட்டு ஆள் ஒருத்தர் கூட ஏறணும். ரூல்."

கப்பல் கப்பலாக அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவருக்கு, ஒரு கூடையில் ஏற ஆள்துணை வேண்டுமாம்! அறுபது தாண்டினால் இந்த நகரம் பஸ்ஸில் தனி சீட் தருகிறது, வங்கியில் தனி கவுண்டர் தருகிறது. ஆகாயத்துக்கு மட்டும் காவலாள் கேட்கிறது.

"எனக்கு அப்படி யாரும் இல்லை."

"அப்ப கஷ்டம், மாஷிமா."

அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். வங்காளத்தில் தெருவில் போகும் வயதான பெண்களெல்லாம் மாஷிமா, அதாவது அம்மாவின் சகோதரி. வாய்தான் சொல்லும், மனசில் உறவு கிடையாது. தமிழ்க்காரி ஒருத்தி அதை நிஜமாகவே எடுத்துக்கொள்வாள் என்று தேபாஷிஷை யார் எச்சரித்தார்கள்?

ஷியாமளா வங்காள மொழியில் பொரிந்து தள்ளியதைத் தமிழில் தரலாம். சூட்டைத் தர முடியாது. "மாஷின்னா ஒங்கம்மாவோட கூடப்பொறந்தவ. எங்காத்துல அக்கா பிள்ளை என் பிள்ளைதான். ரெண்டு தரம் மாஷிமாங்கறே, அப்பறம் வீட்டு ஆள் எங்கேங்கறே! அப்ப நீ யாரு? ஏறுடா!"

"எனக்கு உயரம்னாலே தலை சுத்தும், மாஷிமா!"

"பாரு, மூணாவது தரம்!"

"டிக் போல்சேன்!" சரியாகத்தான் சொல்கிறார் என்று வரிசையில் இரண்டு பேர் உடனே கட்சி சேர்ந்தார்கள். இந்த ஊரில் சண்டையில் சேர அழைப்பு தேவையில்லை. தேபாஷிஷ் ஏறினார்.

தீ சீறியது. குல்லாய் கழன்றது, மஃப்ளர் கழன்றது, சால்வையும் கழன்றது. மூன்றையும் வாங்கிக்கொண்ட தேபாஷிஷ் அவற்றுக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். கூடை எழும்பியது. மரங்கள் தாழ்ந்தன, கூட்டத்தின் இரைச்சல் கரைந்தது. ஷியாமளா கூடைக்கு வெளியே முகத்தை நீட்டிக் காற்றை வாங்கினார்.

வெடுக்கென்று ஓர் இழுப்பு. கூடை நின்றுவிட்டது. ஷியாமளா எட்டிப் பார்த்தார். நாலு மூலையிலிருந்தும் கயிறு இறங்க, கீழே நாலு பேர் இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"என்னய்யா இது? நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

"ஏர்போர்ட் பக்கம், தீதி. இதுக்கு மேல விடமாட்டாங்க" என்றார் பலூன் ஓட்டி, பத்திரமாக அக்கா முறை வைத்து.

"அப்ப மிதக்கலாம்னு எதுக்குப் போட்டேள்? தொங்கலாம்னு போடறது!"

பலூன் ஓட்டி அடுப்பைப் பார்த்தார். ஷியாமளா கூடை விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து, கீழே நின்ற நால்வரையும் கைதட்டிக் கூப்பிட்டார். அவர்கள் அண்ணாந்தார்கள். இரண்டு கைகளையும் கயிறு பிடித்ததுபோல் முஷ்டியாக மடக்கிக் காட்டினார். பிறகு பத்து விரல்களையும் விரித்தார். புரியவில்லையோ என்று, மறுபடி மடக்கி, மறுபடி விரித்தார்.