உப்பேறிய பறக்கும் படகு

எங்கள் வீட்டு பீரோவுக்குள் எப்போதும் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். ஊரிலிருந்து முதன்முறை வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் திகைத்துப்போய் சுவிட்சைத் தேடுவார்கள், நாங்கள் அணைக்க மறந்துவிட்டோம் என்று. மறதியெல்லாம் இல்லை. போர்ட் பிளேயரில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. உள்ளே அந்தச் சூடு இல்லாவிட்டால் பட்டுச்சேலையில் பூஞ்சை பிடித்துவிடும். பெல்ட், செருப்பு, படித்த சான்றிதழ் எதையும் விட்டுவைக்காது. டெலானிபூர் மேட்டில் இருக்கும் இந்த அரசுக் குவார்ட்டர்ஸில் எல்லா பீரோக்களிலும் இதே கதைதான். எங்கள் பீரோவில் மட்டும் சேலைகளுக்குப் பக்கத்துத் தட்டில் விமானங்கள் நிற்கும். இப்போது சேலைகளும் இல்லை. மகள் கயலுக்குச் சென்னையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்ததும், துணைக்கு என்று மனைவி மகேஸ்வரியும் போய்விட்டாள். பல்லாவரத்தில் ஒரு வாடகை வீடு. நானும் விமானங்களும் இங்கே.

விமானங்கள் என்றால் பிளாஸ்டிக் விமானங்கள். பெட்டியில் துண்டு துண்டாக வரும். அறுத்து, உப்புத்தாள் போட்டு, ஒட்டி, பெயின்ட் அடித்து நிறுத்த வேண்டும். உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஐம்பது வயதில் பொம்மை செய்கிறானே என்று ஆபீசில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கோவில்பட்டியில் நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். எல்லோரும் பெட்டி ஒட்ட, நான் அந்த அட்டையைத் திருடி இறக்கை ஒட்டினேன். எங்கள் ஊருக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போகும், அவ்வளவுதான் நான் கண்ட விமானம். பிறகு மின்சாரத் துறையில் வேலை என்று இந்தத் தீவுக்கு வந்தபோது, விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தி வீட்டு மாடிகளை உரசுவதுபோல விமானம் இறங்குவதைப் பார்த்து, இந்த ஊர் நமக்காகவே போட்டது என்று நினைத்தேன். அந்த விமானத்தில் ஏறி வெளியே போவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது.

எங்கள் வேலை தீவு நிர்வாகத்தின் வேலை. மெயின்லேண்டுக்கு மாற்றல் என்ற பேச்சே கிடையாது. இருந்தால் இங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். ஊரில் நீங்களெல்லாம் அப்போதுதான் காப்பி குடித்துவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். இங்கே அதன் பிறகு ஒரு நீண்ட இரவு. எந்தப் பக்கம் ஸ்கூட்டரை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து நிற்கும். முதல் சில வருடங்கள் அது அழகாக இருந்தது. இப்போது எனக்கு அது சுவர்.

பொழுதுபோக்குக்கும் அந்தச் சுவர் உண்டு. தீப்பற்றும் பொருள் என்பதால் பெயின்டையும் பசையையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். துண்டுகள் அடங்கிய கிட் பெட்டி ஒரு வாரத்தில் வந்துவிடும், பெயின்ட் கப்பலில் எப்போது வருமோ அப்போது வரும். பொறுமை தாங்காமல் ஒருமுறை இங்கே டாலிகஞ்ச் பகுதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கரும்பச்சை எனாமல் கேட்டேன். கடைக்காரர் வங்காளி. "போட் கே லியே? கித்னா லிட்டர்?" என்றார், படகுக்கா, எத்தனை லிட்டர் என்று. படகு பெயின்ட்தானே இங்கே எல்லோரும் வாங்குவது. "ஏக் சம்மச்" என்றேன். ஒரு ஸ்பூன் போதும். கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் முகம் கறுத்துவிட்டது. விளக்கலாம் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்த ஹிந்தி மின்சார மீட்டர் பற்றிப் பேசத்தான் போதும். ஒரு லிட்டர் டின்னை வாங்கிக்கொண்டு வந்தேன். அது என் ஆயுளுக்கும் தீராது.

அந்த டின்னுக்காகவே தேர்ந்தெடுத்ததுபோல நான் செய்யத் தொடங்கியது ஒரு பறக்கும் படகு. உலகப்போரில் ஜப்பானியர்கள் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது, தண்ணீரில் இறங்கும் அவர்களுடைய நாலு எஞ்சின் விமானங்கள் நம் துறைமுகத்தில்தான் மிதந்துகொண்டு நிற்கும். நான் தினமும் ஆபீசுக்குப் போகும் வழியில் பார்க்கிற அதே தண்ணீர். இந்தக் கலையில் 'வெதரிங்' என்று ஒரு வேலை உண்டு. விமானம் புதுசாக இருக்கக் கூடாது. வெயிலும் மழையும் பட்டதுபோல வெளுத்து, பெயின்ட் உரிந்து, எண்ணெய் ஒழுகி இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி, அடிப்பூச்சின் மேல் உப்புக்கல்லைத் தூவிக் காயவிட்டு, மேலே அடுத்த நிறத்தை அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிடுவது. உப்பு இருந்த இடமெல்லாம் உரிந்த மாதிரி தெரியும். எனக்கு மாதிரிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. கீழே நிற்கும் என் ஸ்கூட்டர், ஜன்னல் கம்பி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். இரண்டு வருடம் ஆயிற்று.

சென்னையில் மாடல் செய்கிறவர்களின் கண்காட்சி என்று தெரிந்ததும், விடுப்பை அதோடு சேர்த்துப் போட்டேன். கண்காட்சி ஒரு சாக்கு. இருபது வருடச் சேவை முடிந்துவிட்டது, விருப்ப ஓய்வு கேட்கலாம். "எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. இருக்கிறத வச்சு ஓட்டிக்கலாம்" என்று மகேஸ்வரி போனில் சொல்லாத நாள் இல்லை. இந்த முறை இருவரையும் உட்கார வைத்து, வருகிறேன் என்று சொல்லிவிடுவது என்றே கிளம்பினேன்.

விமான நிலையத்தில் பாதுகாப்புக்காரர் என் பெட்டியைத் திறந்தார். இறக்கைகளைக் கழற்றி மாட்டும்படி செய்து, தெர்மோகோலில் புதைத்து வைத்திருந்தேன். "யே உட்தா ஹை?" பறக்குமா என்று கேட்டார். பறக்காது என்றேன். "தோ லே க்யோன் ஜா ரஹே ஹோ?" பறக்காததை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாய்? நியாயமான கேள்வி. அவரே பரிதாபப்பட்டு மூடிக் கொடுத்தார்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் மரியாதையான மனிதர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வொர்க் நீட்டா இருக்கு சார். ஆனா வெதரிங் ஓவர். சர்வீஸ்ல இருந்த கொஞ்ச காலத்துல ஒரு விமானம் இவ்வளவு மோசமாகாது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த கயல் முந்திக்கொண்டாள்.

"அரே, ஓவர் இல்ல சார். எங்க ஊர்ல ஒரு மழைக்காலம் போதும். எங்க ஸ்கூட்டர வந்து பாருங்க, இதவிட மோசமா இருக்கும்."

"எந்த ஊரும்மா?"

"போர்ட் பிளேயர்."

அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு இல்லை. அதுபற்றி எனக்கு வருத்தமும் இல்லை. 'எங்க ஊர்' என்று அவள் சொன்னதுதான் உள்ளே உட்கார்ந்துகொண்டது. மூன்று வருடமாகச் சென்னையில் இருக்கிற பெண்.

அவள் குழந்தையாக இருந்தபோது, விண்வெளிக் கதைகள் சொல்லித்தான் தூங்க வைப்பேன். அதில் ஒன்று, தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும் கப்பல். ஏறியவர்கள் வழியிலேயே இறந்துவிடுவார்கள். உள்ளே பிறந்த பிள்ளைகள் பூமியைப் பார்த்ததே இல்லை. பூமியை நினைத்து ஏங்குகிற கிழவர்களுக்காக நான் குரலை இழுத்து இழுத்துச் சொல்வேன். என் கதையைத்தான் சொல்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. கயல் தூக்கக் கலக்கத்தில், "அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன கஷ்டம்? அவங்க வீட்லதானே இருக்காங்க" என்பாள். அவளை முதன்முதலில் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனபோது, கரிசல் காட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். இல்லை என்றதும் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை பல்லாவரம் வீட்டில் பறக்கும் படகை அலமாரியில் வைக்க இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். "இத இங்க வைக்காதீங்கப்பா. நம்ம வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க" என்றாள் கயல். நம்ம வீடு என்று அவள் சொன்னது டெலானிபூர் குவார்ட்டர்ஸை. பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "படிப்பு முடிஞ்சதும் அங்கதான் வரப்போறேன். ராக்கெட்ட ஃபாலோ பண்ற ஸ்டேஷன் அங்க இருக்குல்ல, அதுக்கு எழுதுவேன். கெடைக்கலேன்னா வேற ஏதாவது பாத்துக்கலாம். குவார்ட்டர்ஸ மட்டும் விட்டுராதீங்க, பஸ்." பஸ் என்றால் தீவு ஹிந்தியில் அவ்வளவுதான்.

மகேஸ்வரி கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். "நான் அப்போ யாருக்காக இந்த ஊர்ல வந்து உக்காந்திருக்கேன்?" என்றாள். கயலிடம் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள். வருகிறேன் என்று சொல்ல வந்தவன், பறக்கும் படகைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். ஒருத்தியிடம் வருகிறேன் என்றால், இன்னொருத்தியின் ஊரைப் பிடுங்கியவன் ஆவேன். புறப்படும் நாள் காலையில் மகேஸ்வரி டிபன் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணிச் சொல்லுங்க. எனக்கு இப்படி நடுவுல நிக்க முடியல." சரி என்றேன். வேறென்ன சொல்வது?

விமானம் தீவுக்கு மேலே வந்தபோது நல்ல மழை. ஒருமுறை இறங்கப் பார்த்து மேலே எழும்பியது. வட்டமடித்து மறுபடி முயன்றது. மேகம் விலகிய ஒரு நொடியில் துறைமுகமும் டெலானிபூர் மேடும் கையெட்டும் தூரத்தில் தெரிந்தன. இறங்க முடியாது, சென்னைக்கே திரும்புகிறோம் என்று விமானி அறிவித்தார். எனக்கு வந்தது சந்தோஷம், பொய் சொல்வானேன். அடுத்த நிமிடமே, அந்த மேடு மேகத்துக்குள் போனதும், யாரோ என்னை வீட்டு வாசலிலிருந்து இழுத்துப்போவதுபோல இருந்தது. மடியில் இருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் வருமா என்று கேட்காதீர்கள், வந்தது.

சென்னையில் நல்ல வெயில். கவுன்ட்டரில் இருந்த பெண் களைத்துப்போயிருந்தாள். "நாளைக்குக் காலைல அனுப்புவோம் சார். உள்ளூர்க்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வரலாம். வெளியூர்க்காரங்களுக்கு மட்டும் ரூம். நீங்க உள்ளூரா, வெளியூரா?"

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. பல்லாவரம் பக்கத்தில்தான். போனால் மகேஸ்வரி சிரிப்பாள், சோறு போடுவாள், பதில் கேட்பாள். இன்னொரு முறை அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனால் திரும்ப வெளியே வரும் தெம்பு எனக்கு இல்லை.

"வெளியூர்" என்றேன்.

ஹோட்டல் வேன் பல்லாவரம் வழியாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. சிக்னலில் நின்றது. எங்கள் தெரு முனையிலேயே இரண்டாவது மாடியில் மகேஸ்வரியின் பால்கனி தெரிந்தது. காலையில் நான் கழற்றிப் போட்டுவிட்டு வந்த சட்டையை அதற்குள் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். என் சட்டை காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பச்சை விழும்வரை அதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.