வேலி போட முடியாத கொல்லையில் இரண்டு முயல்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பெண் முயல்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, வெள்ளை. மற்றது அண்ணியுடையது, செவலை. ஒன்றை ஒன்று பார்த்துவிட்டால் போதும், கடித்துக் குதறிக்கொள்ளும். ஒரே கொல்லையில், ஒரே கீரைப் பாத்தியைச் சுற்றி, அவற்றைச் சண்டையில்லாமல் வைத்திருக்க அந்த வருடம் அண்ணியும் நானும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வெள்ளையைப் பள்ளிக்கூடம் எனக்குத் தந்த பரிசு என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பரிசு இல்லை. விடுதி வார்டன் அம்மா மாற்றலாகிப் போகும்போது கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாமல், "நீ வச்சுக்கோம்மா" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பத்தாம் வகுப்பு தேறி, கையில் தகரப் பெட்டியும் முயல் கூடையுமாகத் திருப்பத்தூரில் பஸ் ஏறி, புதூர்நாட்டில் ஜீப் மாறி, மிச்சத்தை நடந்து மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குள் நுழைந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊர்ப் பெண்களிலும் முதல். அந்தப் பெருமை எனக்கு இப்போதும் உண்டு. அப்போது அது தேவைக்கு மேலேயே இருந்தது.

அண்ணி என்னைவிட ஒரு வயது மூத்தவள். எங்கள் சனம்தான், ஆனால் அவள் தாத்தா காலத்திலேயே மலை இறங்கி கண்ணமங்கலம் பக்கம் குடியேறிவிட்டவர்கள். கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்துத் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, இடுப்பில் ஒரு கூடையோடு வந்தாள். கூடைக்குள் செவலை. அது அவள் கையிலேயே வளர்ந்த முயல். அவள் நாக்கைத் தட்டிக் கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் ஓடிவரும். எங்கள் வீட்டில் அவள் கூப்பிட்டதும் வருகிற உயிர் அது ஒன்றுதான். என் அண்ணனே மூன்றாவது தரம்தான் திரும்பிப் பார்ப்பான்.

அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். செவலை வந்து இறங்கிய அன்றே அதைத் தூக்கி உரலை மூன்று சுற்றுச் சுற்றி, கால்களைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். புதிதாகக் கோழி வாங்கி வந்தால் அப்படித்தான் செய்வோம். பிறகு பழைய கோழியோடு சேர்த்து ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்போம்.

"இதையும் வெள்ளையோட போட்டுக் கவுத்து வைங்க. மூணு நாளு ஒண்ணாக் கெடந்தா ஒண்ணாப் பூடும்," என்றாள் அம்மா.

அண்ணி தயங்கினாள். "வேணாம் அத்த, இது கொஞ்சம் கோவக்காரி."

நான் விடவில்லை. "ஒண்ணும் ஆவாது அண்ணி. முயலு சாதுவான பிராணி, கூட்டமா இருக்கும். புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"அந்தப் புஸ்தகத்த செவல படிச்சிருக்குமா?" என்று கேட்டபடியே கூடையைத் திறந்தாள்.

பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கையை எடுப்பதற்குள் அது ஆட ஆரம்பித்தது. உள்ளே மூங்கில் சிம்புகளுக்கு நடுவில் வெள்ளையும் செவலையும் ஒரே பந்தாகச் சுழன்றன. முயல் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை. கைக்குழந்தை அலறுவது போல இருந்தது. தூக்கிப் பிரித்தபோது அண்ணியின் சேலையெல்லாம் மயிர். செவலையின் காது நுனி கிழிந்திருந்தது. வெள்ளையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் இல்லை.

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா ரெண்டையும் அறுத்துக் கொழம்பு வெச்சிடுவேன். முயலு துன்றதுக்குத்தான் கீது, கட்டிப் புடிச்சிக்கினு அழறதுக்கு இல்ல," என்றாள்.

அம்மா விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. அண்ணி செவலையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொல்லையை இரண்டாகத் தடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாளே மூங்கில் குச்சிகளை வெட்டிவந்து நடுவில் வரிசையாக நட ஆரம்பித்தேன். பாதிகூட முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, பாகம் பிரிச்சிட்டீங்களா? மருமவ வந்து ஆறு மாசங்கூட ஆவலையே!"

மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு எழுந்து வந்து, நான் நட்ட குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அந்தப் பக்கம் எறிந்தாள். "நான் உசுரோட கீற வரைக்கும் இந்தக் கொல்லையில இன்னொரு வேலி வுழாது."

இன்னொரு வேலி என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் குடும்பம் பிரிந்தால் முதலில் கொல்லையில்தான் வேலி விழும். அதைப் பார்த்துத்தான் ஊர் தெரிந்துகொள்ளும். அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது விழுந்த முள்வேலி எங்கள் கொல்லையின் கிழக்கே இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அப்பா இறந்த அன்று சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேதான் அழுதார். அம்மா இந்தப் பக்கம். முயலுக்காகத்தான் என்று சொன்னால் ஊர் நம்பாது. ஊர் பேசப் பேச, அண்ணிதான் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்று ஆகிவிடும். அதை அம்மா என்னைவிட நன்றாக அறிந்திருந்தாள்.

வேலி கிடையாது என்றானதும் நான் பள்ளிக்கூட வழிக்குப் போனேன். ஒரு கரித்துண்டை எடுத்துக் கொல்லைப்புறச் சுவரில் கட்டம் போட்டு, காலை வெள்ளை, பிற்பகல் செவலை என்று எழுதினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். எழுத்து அழகாகவே இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, பெல்லு நீ அடிக்கிறியா, நான் அடிக்கட்டுமா?" என்றாள் அண்ணி.

அவளுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன். அதுவே அவளுக்குப் போதும். பலாமரத்து நிழல் மரத்தடிக்குச் சுருங்கியதும் நான் வெள்ளையைப் பிடித்துக் கூண்டில் அடைத்துத் தாழ்ப்பாள் போடுவேன். தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் அவள் செவலையைத் திறப்பாள். நடுவில் புழுக்கைகளைப் பெருக்கி, சாணித் தண்ணீர் தெளிப்போம். இல்லையென்றால், வெள்ளை தாடையைத் தேய்த்துவிட்டுப் போன கல்லையெல்லாம் செவலை தேடித் தேடி மோந்து, தன் தாடையைத் தேய்த்துக்கொண்டே பொழுதைக் கழிக்கும், ஒரு கீரையைக்கூடக் கடிக்காது. இரண்டு கூண்டுகளையும் கொல்லையின் இரண்டு மூலைக்குக் கொண்டுபோய், ஒன்றின் முகம் மற்றொன்றுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தது அண்ணியின் யோசனை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. சுவரில் எழுதியதால்தான் நடக்கிறது என்று நான் நம்பினேன்.

புரட்டாசியில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடும் வேலையாக நான் திருப்பத்தூர் போக வேண்டி வந்தது. விடியற்காலை ஜீப். போனால் திரும்பப் பொழுது சாயும். மத்தியானம் வெள்ளையைப் பிடித்து அடைக்க நான் இருக்கமாட்டேன், என்னைத் தவிர வேறு யார் கைக்கும் அது அகப்படாது. ஆகவே அன்று முழுவதும் வெள்ளைக்கு என்று முடிவு செய்தேன். கிளம்பும் அவசரத்தில் வெள்ளையைத் திறந்து விட்டுவிட்டு, சுவரில் பழைய எழுத்தை அழித்து, 'இன்று முழுவதும் வெள்ளை, செவலையைத் திறக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதினேன். அண்ணி ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். ஜீப் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஓடிப்போய் ஏறினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணியின் வலது கையில் துணி சுற்றியிருந்தது. துணியெல்லாம் ரத்தம். நிழல் சுருங்கியதும் வழக்கம்போல அவள் கொல்லைக்குப் போயிருக்கிறாள். வெள்ளையைக் காணவில்லை. நான் அடைத்துவிட்டுத்தான் போயிருப்பேன் என்று செவலையைத் திறந்துவிட்டாள். வெள்ளை பூசணிக்கொடிக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறது. இரண்டும் மோதிக்கொண்டபோது பிரிக்கக் கையை விட்டவளின் கட்டைவிரல் சதை பிய்ந்துபோயிற்று. செவலையின் கண்ணுக்குக் கீழே ஆழமான காயம்.

"வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டும் கொழம்பு," என்றாள் அம்மா, நான் செருப்பைக் கழற்றும் முன்பே.

"எம் மேலதான் தப்பு அத்த. நான்தான் பாக்காம தெறந்து வுட்டுட்டேன்," என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். பலமுறை சொல்லியிருப்பாள் போல, குரல் கம்மியிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். கொல்லைப்பக்கம் அவளை இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டினேன். "இவ்ளோ பெருசா எழுதி வெச்சிட்டுப் போயிருக்கேனே, அண்ணி!"

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாருக்கு எழுதி வெச்ச?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அந்தச் சுவரைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அன்றைக்குத் திருப்பத்தூரில் இருந்தாள். ஊற்று வரை ஓடி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஜீப் ஓட்டுநர் இன்னும் நாலு ஹாரன் அடித்திருப்பார், அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு செவலையை அவள் பிடித்துக்கொள்ள, நான் மஞ்சளைக் குழைத்து அதன் காயத்தில் வைத்தேன்.

காலையில் அம்மாவிடம் போய், "அண்ணி மேல தப்பு இல்லம்மா. நான்தான் சொல்லாம கெளம்பிப் பூட்டேன்," என்றேன். என் தப்பை நானே என் வாயால் சொன்னது, எனக்கு நினைவு தெரிந்து, அதுதான் முதல் தடவை.

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் மேல இருந்தா இன்னா? அவ வெரலு போச்சு. நாளைக்கு வூட்டுல கொழந்த பொறந்து அது கைய வுட்டா?" ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஒருமுறை ஊதினாள். "ரெண்டையும் தள்ளி வெக்கத் தெரியலன்னா வெச்சிக்கக் கூடாது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

அன்று அண்ணியும் நானும் விறகுக்குப் போனோம். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் விறகு சேர்ப்பது வழக்கம். வீட்டுச் சுவரோடு ஒட்டி, கூரைக்கு அடியில் அடுக்குவோம். எங்கள் வீட்டிலும் பாதி அடுக்கியாகிவிட்டது. விடுதிக்குப் போன பிறகு நான் தலையில் சுமை தூக்கியதே இல்லை, கழுத்து ஒடிந்துவிடும் போல வலித்தது. அண்ணி ஒற்றைக் கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். சரிவில் இறங்கும்போது சட்டென்று நின்றாள்.

"பாப்பா, வெறக செவுத்தோரமாத்தான் அடுக்கணும்னு யாரு சொன்னது?"

"எங்க அடுக்கறதாம்?"

"கொல்லைக்கு நடுவால. ஒரு மொழம் அகலத்துக்கு, இடுப்பு ஒசரத்துக்கு. மூக்கும் மூக்கும் படாது, மூஞ்சியும் தெரியாது. வெறகு அடுக்கி வெச்சா பாகம் பிரிச்சதுன்னு எவளாவது சொல்லுவாளா?"

நான் சுமையோடு திரும்பி அவளைப் பார்க்க முயன்று விழப்போனேன். "படிக்காமலே இம்மாம் மூளையா அண்ணி?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "படிச்சிருந்தா செவுத்துல எழுதி வெச்சிருப்பேன்," என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாதி விறகு சரிந்துவிட்டது.

சுவரோரம் இருந்ததைப் பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கினோம். போதாமல், மூன்று நாளும் காட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்தோம். கனமானதை அடியில் போட்டு, சந்துகளில் சுள்ளியைச் செருகி, மேலே கூரைப்புல் பரப்பினோம். ஆள் போக விட்ட இடைவெளியில் ஒரு பழைய கதவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம். அம்மா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி மறுபடி எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, கொல்லைக்கு நடுவால?"

நாங்கள் இருவரும் அம்மாவைப் பார்த்தோம்.

"மழைக்கு வெறகு. கண்ணு தெரியலையா உனுக்கு?" என்றாள் அம்மா. பிறகு முற்றத்தில் கிடந்த ஒரு முருங்கைக் கட்டையை எடுத்துவந்து, அடுக்கில் கொஞ்சம் தாழ்ந்திருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் நிலத்திலிருந்து நேரே வந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "இன்னாம்மா, இன்னிக்கு முயல் கறின்னு சொன்னியே?"

"எல்லாம் பச்ச வெறகு. கறி வேவாது," என்ற அம்மா, அவன் தட்டில் கேழ்வரகுக் களியைப் போட்டு, அவரைக்காய்க் குழம்பை ஊற்றினாள்.

அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, துணி கட்டாத இடது கையைத் தட்டில் வைக்கப் போனாள்.

"நொட்டாங்கையால துன்னாத," என்று அம்மா அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து அவள் வாயருகே கொண்டுபோனாள். அண்ணி கூச்சத்தில் என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வெள்ளை பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தது. எதிரியின் வாசம் பட்டால் முயல் அப்படித்தான் அடிக்கும். விறகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செவலையும் பதிலுக்கு ஒன்று போட்டது. எங்களில் யாரும் எழுந்து ஓடவில்லை. அம்மா அடுத்த உருண்டையை உருட்டினாள்.