ஈரல் கோத்த சீனி

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. ஒருநாள் தூங்க மறுத்த குழந்தையொன்று என் முன்கையை இறுக்கிப் பிடித்தது. மறுநாள் அந்த இடத்தில் சின்ன விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. வலி இல்லை. எட்டு மாதக் குழந்தைக்கு இவ்வளவு பலமா என்றுதான் நினைத்தேன்.

பத்து நாளாகியும் அது மறையவில்லை. பல் துலக்கும்போது இரத்தம் வந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தவர், நான் குடிப்பேனா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். எனக்கு வந்திருந்தது சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போதல்). பல வருடச் சீனி வருத்தத்தோடு (நீரிழிவு) ஈரலில் கொழுப்பும் படிந்து, சத்தமில்லாமல் இந்த நிலைக்கு வந்திருக்கிறது. குடிக்காதவருக்கும் இது வரும். இதைப் படிப்பவர்களில் யாராவது என்னைப் போல் இருந்தால், அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் லயத்து வீடுகளில் பலர் இன்னும் நம்பவில்லை.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், கூடவே ஏஎஃப்பி (கருவிலுள்ள சிசுவின் ஈரல் செய்யும் புரதம்) என்ற இரத்தப் பரிசோதனை. பிறந்த பிறகு அந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பெரியவர்களிடம் கூடினால் ஈரல் புற்றுநோயோ என்று சந்தேகிப்பார்கள். இரண்டாம் வருடம் எனக்கு அது சற்றே ஏறியிருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

என்னைப் பார்த்த டாக்டரம்மா பதுளை டவுனில் பிறந்த முஸ்லிம் பெண். வெறும் தழும்பேறிய ஈரலிலும் இது கொஞ்சம் ஏறலாம் என்றார். காரணத்தைப் பிரித்தறிய இன்னொரு பரிசோதனை உண்டு, இரத்தத்தைக் கொழும்பு வழியாக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்தப் புரதத்தில் சீனி எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள் என்றார். நான்தான் சீனியைத் தொடுவதே இல்லையே என்றேன்.

“இது நீங்க சாப்பிடுற சீனி இல்லம்மா. ஈரல் புரதத்தைச் செய்யும்போது, அதுமேல சின்னச் சின்னச் சீனியைச் சங்கிலியாக் கோத்து வெளிய அனுப்பும். செல்லு கெட ஆரம்பிச்சா கோக்குற விதம் மாறும். கேன்சர் செல்லு செய்யுற ஏஎஃப்பில ஒரு சீனி கூடுதலா ஒட்டியிருக்கும். அப்படி மாறினது எவ்வளவு பங்குன்னு பார்க்கப் போறோம்.”

இதற்குக் கிளைகோசைலேற்றம் (புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி சேர்தல்) என்று பெயர். அந்தச் சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதை நாலைந்து தடவை வாசித்தேன்.

முடிவு வந்த அன்று தனியாகத்தான் போனேன். என் கணவர் செல்வராஜுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை இருந்தது. மாறிய சீனியுள்ள பங்கு எல்லையைத் தாண்டியிருந்தது. அன்றே உள்ளே அனுப்பி, மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஈரலில் கட்டி எதுவும் இல்லை.

“அப்ப நல்லதுதானே டாக்டர்?”

அவர் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இரத்தம் ஏதோ சொல்லுது, எங்கன்னு காட்ட மாட்டேங்குது. இத மட்டும் வச்சுக் கேன்சர்னு சொல்ல ஏலாது. இல்லன்னும் சொல்ல ஏலாது. மூணு மாசத்துல திரும்ப வாங்க.”

வீட்டுக்கு வந்து செல்வராஜிடம் ஸ்கேன் சுத்தம் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் முகம் அவ்வளவு தெளிந்துபோயிருந்தது.

அந்த ஞாயிறு ஆராதனையில் அவர் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் என் மனைவியின் ஈரலைத் தொட்டுச் சுகமாக்கினார் என்றார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. நான் வலது விலாவின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அங்கே, என் விரல்களுக்குக் கீழே, ஏதோ ஒன்று அந்த நேரத்திலும் தவறாகக் கோத்துக்கொண்டிருந்தது. அதற்கு என்னைத் தவிர வேறு யாரும் சாட்சி இல்லை.

வீட்டுக்கு ஏறும் பாதையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

“சபைக்கு முன்னாடி என்னப் பொய் சொல்ல வச்சிட்டியே, மேரி.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், திரும்பப் போகவேண்டிய தேதியைக் கேட்டு, அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பங்கு இன்னும் ஏறியிருந்தது. ஸ்கேனில் அப்போதும் ஒன்றும் இல்லை. அந்த நாட்களை எப்படி விளக்குவது? வலி கிடையாது. சாப்பிட்டேன், பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். வரும் என்று எனக்குத் தெரிந்த ஒன்று இன்னும் வராமல் இருந்தது.

ஆறாம் மாதம் அது வந்துவிட்டது. வலப்பக்க ஈரலில் கடலை அளவு ஒரு புள்ளி. அதைத் திரையில் காட்டியபோது செல்வராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கண்டிக்கு அனுப்பினார்கள். விலா இடுக்கில் ஊசியைச் செலுத்தி, அதன் நுனிச் சூட்டால் கட்டியைப் பொசுக்கினார்கள். ஒரு வாரம் காய்ச்சல். இரத்தம் முன்பே எச்சரித்ததால் அடிக்கடி பார்த்தோம், அதனால்தான் இவ்வளவு சின்னதாகக் கிடைத்தது என்றார் டாக்டரம்மா. அடுத்த பரிசோதனையில் அந்தப் பங்கு எல்லைக்குள் இறங்கியிருந்தது. ஒரு வருடம் அப்படியே இருந்தது.

போன மாதம் அது மறுபடியும் ஏறியிருக்கிறது. ஸ்கேன் சுத்தம்.

இப்போது என் உடம்பை என்னுடையது என்று முன்போல் சொல்ல வருவதில்லை. தனக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லாத ஒருத்தியோடு ஒரே அறையில் குடியிருப்பதுபோல் இருக்கிறது. எனக்கு வருடம் என்பதும் இல்லை. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைக்கும் உள்ள தூரம்தான் உண்டு.

கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். நேற்று ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அவள் கேட்டாள்.

“அடுத்த ஸ்கேனுக்கு முன்னாடி வைக்கிறதாம்மா, பின்னாடியா?”

செல்வராஜோ, ஸ்கேன் முடிவு வரட்டும், மனநிம்மதியோடு செய்யலாம் என்றார். நான் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“முன்னாடியே வைம்மா” என்றேன்.