ஆற்றில் சங்கரா மீன்

“அம்மா, ஹாஸ்டல்ல முன்னூறு பேரு தண்ணி குடிக்காம உக்காந்திருக்கோம். எல்லாம் உன்னாலதான்!”

என் மகள் நிலா போனில் இப்படிச் சொன்னபோது நான் லேபில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்று கைநழுவி உடைந்தது.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறுகளில் வாரம் ஒருமுறை சாம்பிள் எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. அந்த ஏரித் தண்ணீர்தான் நிலா படிக்கும் ஊருக்குக் குடிநீர். கிருமிப் பரிசோதனைக்குச் சுத்தம் செய்த பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே லேபுக்குக் கொண்டுவர வேண்டும். கூடவே ‘பிளாங்க்’ என்று ஒரு பாட்டில் போகும். அதில் கிருமி நீக்கிய தண்ணீர் இருக்கும். பெட்டியிலேயே ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும். வழியில் ஏதாவது கலந்துவிட்டதா என்று அதுதான் சொல்லும். பல வருடங்களாக அது ஒன்றுமே சொல்லாததால், அதைப் பரிசோதிப்பதையே நான் விட்டிருந்தேன்.

அந்த வாரம் பூதலூரில் வழக்கமான ஐஸ் கடை பூட்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் மீன் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் விற்கும் முத்துலட்சுமி அக்காவிடம் நானும் ஜீப் டிரைவர் செல்வமும் போய் நின்றோம்.

“ஆத்துத் தண்ணிய ஐஸ்ல வெச்சு என்னம்மா பண்ணப் போற? கெட்டா போயிடும்?”

“ஆமாக்கா, கெட்டுப்போயிடும்.”

“என் மீனுக்கு இருக்கற மவுசுல்ல இருக்கு!” என்று கூடையிலிருந்து ஐஸை அள்ளிக் கொட்டினார்.

நான் தயங்கினேன். செல்வம், “மேடம், ஐஸ்னா குளுரணும். குளுருது. வேற என்ன?” என்றார். அதுவும் சரிதான் என்று தோன்றியது.

சாம்பிள்களைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி இரவு முழுக்க இளஞ்சூட்டில் வைத்திருந்த இன்குபேட்டரை மறுநாள் காலை திறந்தேன். மூன்று இடத்து சாம்பிளிலும் ஒரு குழாய் பாக்கியில்லாமல் வாயுக் குமிழ். குமிழ் வந்தால் கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். உடனே அதிகாரியிடம் சொல்ல வேண்டும். நான் மகளுக்கு போன் போட்டேன்.

“பாப்பா, குழாய்த் தண்ணியத் தொடாத. பல்லுகூடத் தேய்க்காத. யாருகிட்டயும் சொல்லாத.”

அடுத்த அரை மணி நேரத்தில் வந்ததுதான் நான் முதலில் சொன்ன போன்.

“சொல்லாதன்னு சொன்னேனேடி!”

“ரூம்மேட்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன். குரூப்ல போட்டது அவ.”

அதற்குள் ஹாஸ்டல் வார்டன் எங்கள் அதிகாரி சுந்தரம் சாரை போனில் பிடித்துவிட்டார். சார் நேராக லேபுக்கு வந்தார்.

“ஏம்மா மாலதி, ஏரித் தண்ணி ஹாஸ்டலுக்கு எப்படிப் போவுது?”

“வடிகட்டி, குளோரின் போட்டு…”

“இது உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

“லேப் பாக்க வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நாந்தான் சார் சொல்லிக்குடுப்பேன்.”

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் ஆற்றிலேயே இவ்வளவு கிருமி என்றால் ஏரிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். என் குறிப்பேட்டைப் படித்தார்.

“மாடு குளிப்பாட்ற எடமும் ஏரி வாயும் ஒரே மாதிரியா? ஆறு என்ன யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வருதா? அந்த சாம்பிள் பாட்டில எடுங்க.”

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். லேபிள் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு செதில் ஒட்டியிருந்தது. சாருக்குக் கடற்கரை ஊர். மோந்துகூடப் பார்க்கவில்லை.

“இது சங்கரா. கடல் மீனு. நம்ம ஆத்துல எப்பம்மா வந்துச்சு?”

வாசலில் நின்ற செல்வம் தொண்டையைச் செருமினார். “ஆத்துல வரல சார். ரயில்ல வந்துச்சு.”

உருகிய மீன் ஐஸில் பாட்டில்கள் கழுத்துவரை மூழ்கிக் கிடந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஃபிரிட்ஜில் சும்மா கிடந்த பிளாங்கைப் பரிசோதனைக்கு வைத்தேன். சுத்தமான ஐஸோடு போய் ஆற்றிலும் புதிதாக சாம்பிள் எடுத்துவந்தோம். அன்று முழுக்க ஹாஸ்டலில் கேன் தண்ணீர்.

மறுநாள் காலை, புது சாம்பிள்கள் வழக்கம் போலவே இருந்தன. ஆற்றையே பார்க்காத அந்தப் பழைய பிளாங்கில் ஒரு குழாய் பாக்கியில்லாமல் குமிழ்.

“வார்டனுக்கு என்ன எழுதலாம்?” என்றார் சார். நானே எழுதினேன்: ‘சாம்பிள்கள் மீன் வைத்திருந்த ஐஸில் வைக்கப்பட்டன. ஹாஸ்டல் தண்ணீரை நாங்கள் பரிசோதிக்கவே இல்லை. தவறு என்னுடையது.’ கையெழுத்துப் போட்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ரிசல்ட் பயமுறுத்தினால் முதலில் பெட்டியைப் பாருங்கள். அப்புறம் ஆற்றைப் பாருங்கள். பிளாங்க் எத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அதைக் கேளுங்கள். போனைக் கடைசியாகத் தொடுங்கள்.

இதில் கடைசி விஷயம் மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை. கடிதம் போன அன்று சாயங்காலமே நிலாவைக் கூப்பிட்டேன்.

“உன் லெட்டர நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்கம்மா. எல்லாரும் தண்ணி குடிக்கறாங்க.”

“நீ?”

“நானும்தான்.”

“கொதிக்க வெச்சா?”



“இதையும் குரூப்ல போடட்டுமா?” என்றாள்.