நஞ்சுக்கொடி கேட்ட டாக்டர்

2006-ல், திருப்பூர் ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் முதல் பிள்ளை. நான் மாதாமாதம் செக்கப்புக்குப் போகும் ஆஸ்பத்திரிக்குக் கோவையிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்துபோவார். வைத்தியம் பார்க்க வருபவர் இல்லை, ஆராய்ச்சி செய்பவர்.

ஒருநாள் என்னையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் திடீரென்று பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, தாயும் பிள்ளையும் போய்விடுகிறார்களாம். நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாக வேர் பிடிக்காதது காரணமாக இருக்கலாமாம். அந்தக் கொடியில் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறதாம், உடம்பில் வேறு வேறு செல்லாக மாறி வளரக்கூடியது. அதை வைத்துக் காரணம் தேடுகிறோம், பிரசவம் ஆனதும் உங்கள் கொடியைத் தருவீர்களா என்று கேட்டார்.

கொடியை வாங்கி வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று கம்பெனியில் ஏற்கனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் பட்டென்று சொல்லிவிட்டார்: "வேண்டாமுங்க. எங்க ஊட்டுப் புள்ளையோட கொடி எங்க மண்ணுக்குள்ளதான் போகோணும்." டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "சரிங்கம்மா" என்று எழுந்து போனார். அப்பாடா, தொல்லை விட்டது என்றிருந்தது எனக்கு.

வளைகாப்பு வந்தது. வளையல் ஒன்றுகூடக் கையில் ஏறவில்லை. சோப்பு போட்டு, விரல்களை அமுக்கி, எப்படியோ ஏற்றினார்கள். "புள்ள நல்லாப் பூசுனாப்புல இருக்கறா, கண்ணு பட்டுரும்" என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். நானும் பூரித்துப்போனேன். தலைவலி இருந்ததுதான். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவளுக்குத் தலைவலியும் கால் வீக்கமும் புதிதா என்ன?

அடுத்த செக்கப்புக்கு மாமியாரோடு போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண் முன்னால் பூச்சி பறந்தது. அந்த டாக்டர் வருவதைப் பார்த்ததும், மறுபடி கொடியைக் கேட்கப் போகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவர் என் கையில் சதையோடு பதிந்திருந்த வளையல்களைத்தான் பார்த்தார். "தலை வலிக்குதாங்க? கண்ணு மங்குதா?" என்றார். ஆமாங்க என்றேன். அப்படியே உள்ளே கூட்டிப்போய் பிரஷர் பார்த்தார். மெஷினைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கவனித்துவிட்டேன். கடவுளே, டாக்டரே பயப்படுகிறாரே!

அப்புறம் எல்லாரும் ஓடினார்கள். டிரிப்ஸ் ஏற்ற வளையல்கள் இடைஞ்சல். கழற்றவும் வரவில்லை. நர்ஸ் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தார். கம்பெனியிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் வாசலில் குத்துக்கல்லாட்டம் நிற்கிறார், இங்கே வளைகாப்பு வளையல் உடைகிறது! மாமியார் "ஐயோ சாமீ" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நானும் பிழைக்க மாட்டேன், பிள்ளையும் பிழைக்காது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கொடியைத் தரமாட்டோம் என்றதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "கொடிய எடுத்துக்குங்க... என்ன வேணும்னாலும் எடுத்துக்குங்க. என்ற புள்ளையக் காப்பாத்துங்க" என்று கதறினேன். மாமியாரும் "எடுத்துக்குங்க தாயி" என்று கும்பிட்டார்.

அவர் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "அது வேற, இது வேறங்க. நீங்க குடுக்காட்டியும் காப்பாத்தத்தான் எல்லாரும் பாக்கறாங்க. பயத்துல சொல்றத நான் சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன்."

கைப்பிடி அளவுக்கு ஒரு மகள் பிறந்தாள். பல நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தாள். பெட்டியைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கொடியை ஆஸ்பத்திரியில் மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். அதற்குள் அந்த டாக்டர் கோவைக்குத் திரும்பியிருந்தார்.

அந்த நிமிஷம் அவர் எதைக் கேட்டாலும் நான் கொடுத்திருப்பேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கையை நீட்டாமல் இருந்தாரே, அதற்குத்தான் இன்றைக்கும் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.