துண்டுக்குள் போன கை

விருதுநகரில் நான் மேனேஜராக இருந்த வீடியோ கேம் சென்டரின் முதலாளி ஹமீது பாய். மகன் ஆசைப்பட்டு ஆரம்பித்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். பாய்க்குத் தெரிந்தது வத்தல் வியாபாரம் மட்டும்.

ஒரு மத்தியானம் வந்து நின்றார். "ஏம்மா ஜெசி, நாளைக்கு வத்தல் மூட்டை வருது. இந்த மெஷினையெல்லாம் காலி பண்ணிரு."

இதைவிட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. "ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க பாய்" என்றேன்.

பாய்க்கு எதிராக ஆட உட்கார்ந்தவர் செல்வம். திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் வேலை. தீபாவளி சீசன் முடிந்ததால் எங்கள் கடையே கதி என்று கிடந்தார். பாய்க்கு விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். புரிந்தும் அவருக்கு மனசு வரவில்லை.

பாய் சண்டை கேமின் திரையில் இருந்த ஆட்களை மேலும் கீழும் பார்த்து, "இவன்தான் எடை நிப்பான்" என்று இருப்பதிலேயே பெரிய உடம்பைத் தேர்ந்தெடுத்தார். போச்சு என்று நினைத்தேன். அது கிராப்ளர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: கிராப்ளருக்கு ஓட வராது, தூரத்திலிருந்து நெருப்பு எறியவும் வராது. அடியைத் தாங்கிக்கொண்டே கிட்டே போய், ஜாய்ஸ்டிக்கை ஒரு முழு வட்டம் சுற்றிப் பட்டனைத் தட்டினால் எதிராளியைத் தூக்கித் தரையில் அறைவான். அப்படி நாலு பிடி விழுந்தால் ரவுண்டு முடிந்தது.

முதல் ரவுண்டில் பாய் செல்வம் எறிந்த நெருப்பை வாங்கியே செத்தார். தடுப்பதற்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவதில் தடுத்துத் தடுத்துக் கிட்டே போய்விட்டார். ஆனால் பக்கத்தில் இருந்த செல்வம், பாயின் கை சுற்றுவதை ஓரக்கண்ணால் பார்த்துக் குதித்துத் தப்பிக்கொண்டே இருந்தார்.

பாய் தோள் துண்டை எடுத்து ஸ்டிக்கின் மேல் போட்டார். கை இரண்டையும் உள்ளே விட்டார். வத்தல் மண்டியில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசியே பழகிய கை அது.

"என்ன பாய் இது?" என்றார் செல்வம்.

"வெலை பேசும்போது கையை எவனாச்சும் வெளிய காட்டுவானா தம்பி?"

துண்டு போடக் கூடாது என்று எங்கள் கடையில் ரூல் எதுவும் இல்லை. செல்வம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் வரிசையாக நாலு பிடி விழுந்து, அந்த ரவுண்டு பாய்க்குப் போனது.

கடைசி ரவுண்டான மூன்றாவதில் பாய் கிட்டே போய்ச் சும்மா நின்றார். துண்டு அசையவே இல்லை. பிடிக்கப் போகிறார் என்று பயந்து செல்வமே குதித்தார். இறங்கும்போது பாய் ஒரு குத்து விட்டார். மறுபடி பாய் நின்றார், மறுபடி செல்வம் குதித்தார், மறுபடி குத்து.

"நான் ஒண்ணுமே பண்ணலையே, இவரு ஏன் இப்படித் துள்ளுதாரு?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே ஜெயித்தார்.

கிராப்ளரின் பலம் பிடியில் இல்லை, பிடித்துவிடுவானோ என்று எதிராளி பயப்படுவதில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கடையில் இருந்தும் எனக்கு அன்றைக்குத்தான் அது விளங்கியது.

"இன்னொரு ஆட்டம் போடும்மா" என்றார் பாய்.

நான் போடவில்லை. மெஷினை அணைத்துவிட்டு சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றேன். மூட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கை இரண்டையும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

பாய் என்னைப் பார்த்தார். துப்பட்டாவைப் பார்த்தார்.

"சரிம்மா, மூட்டையை வேற எடத்துல எறக்கச் சொல்லுதேன். சுவிட்சைப் போடு."